ஆண்டவரு எந்தத் தெரு வழியா வருவாரு?

பச்சைமலை அடிவாரத்தில், உப்பிலியபுரத்துக்கும் சோபனபுரத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரு சேரியில் என் அத்தையோடு குடியிருக்கிறேன். போன தவக்காலத்தில் ஒரு சாயந்திரம் எங்க தெருவில் செபக்கூட்டம் வைத்தார்கள். டவுனிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். நல்ல குரல். ஆண்டவருடைய வருகை நெருங்கிவிட்டது என்று பேசினார். யுத்தம், பூமியதிர்ச்சி, கொள்ளைநோய் என்று அடையாளங்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். ஆகவே விசுவாசிகள் உலகக் காரியங்களில் சிக்கிக்கொள்ளக் கூடாது. சங்கம், கொடி, மனு, மறியல் இதெல்லாம் அழிந்துபோகிற உலகத்துக்கு அடுத்தவை. நாம் செய்ய வேண்டியது காத்திருப்பதும் செபிப்பதும்தான். மிச்சத்தை அவர் வந்து சரிபண்ணுவார். இதுதான் பிரசங்கம்.

அத்தைக்கு எழுபத்தைந்து வயசுக்கு மேல் இருக்கும். பத்து வயசில் களை எடுக்கப் போனது, இடுப்பு ஒடிகிற வரைக்கும் காட்டுவேலையை விடவில்லை. கூட்டத்தில் அது வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு எழுந்து நின்று கேட்டுச்சு:

"ஏஞ்சாமி, ஆண்டவரு வர்றாருங்கிறீங்க. சந்தோசம். எந்தத் தெரு வழியா வருவாரு?"

எல்லாரும் சிரித்தார்கள். பிரசங்கியாரும் சிரித்துக்கொண்டே, "மேகத்து மேல வருவாரு தாயி" என்றார். அத்தை சிரிக்கவில்லை. "மேகத்துல வந்தாலும் எறங்கணும்ல" என்று சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

அந்தக் கேள்வி நையாண்டி இல்லை. அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் சொந்த ஊர் கீழே சமவெளியில் இருக்கிறது. அங்கே திருவிழாச் சப்பரம் கோயிலைச் சுற்றி வரும், ஊர்த்தெருவெல்லாம் வரும், சேரிக்குள் மட்டும் வராது. எங்க சனங்க தெருமுக்கில் மெழுகுவத்தியோடு நின்று, தூரத்தில் போகிற வெளிச்சத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புவார்கள். அத்தையும் பிள்ளையிலிருந்து அப்படித்தான் நின்றிருக்கிறது. ஆண்டவர் 'வருகிறார்' என்றால் அத்தைக்குத் தெரிந்த வருகை அது ஒன்றுதான். அவர் வருவார், வேற தெருவுக்கு வருவார்.

வேதம் படித்தவர்கள் இதைப் பாமரத்தனம் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கிறிஸ்து திரும்பி வருவார் என்று நம்புகிறவன் அதுவரைக்கும் எப்படி வாழ வேண்டும் என்ற பழைய கேள்வியை அத்தை சரியான இடத்தில் வைத்துக் கேட்டிருக்கிறது.

திருச்சி மேலப்புதூர்க் கல்லறையை அறியாதவர்கள் இந்தப் பத்திரிகை வாசகர்களில் குறைவாகத்தான் இருப்பீர்கள். தலித் கிறிஸ்தவர்களின் பிணங்களையும் சாதிக் கிறிஸ்தவர்களின் பிணங்களையும் பிரித்து எழுப்பப்பட்ட சுவர் அந்தக் கல்லறைக்கு உண்டு. அந்தச் சுவரை எதிர்த்து எத்தனையோ குரல்கள் எழும்பியிருக்கின்றன. சுவரைக் கட்டியவர்களும் ஞாயிற்றுக்கிழமைதோறும் விசுவாசப் பிரமாணம் சொல்கிறவர்கள்தான். அவர் மகிமையோடு திரும்பி வருவார், மரித்தோர் எழுவார்கள் என்று அறிக்கையிடுகிறவர்கள்தான். உண்மையிலேயே அதை நம்பினார்களா? நம்பியிருந்தால், எக்காளம் முழங்குகிற அன்றைக்கு எழுந்து உட்காருகிறவன் முதலில் பார்க்கப்போவது இந்தச் சுவரைத்தான் என்று ஒருத்தருக்காவது உறைத்திருக்காதா? ஒருத்தன் வருகையை நம்புகிறானா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவன் செபத்தைக் கேட்க வேண்டியதில்லை. அவன் கட்டி வைத்திருப்பதைப் பார்த்தால் போதும்.

பொறுத்திரு என்று நமக்குச் சொல்லப்படுவது இன்றைக்கு நேற்றுச் சங்கதி இல்லை. 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் தென்னாட்டு மிஷனரிகளுக்குக் கடிதம் எழுதினார். சபைக்குள் சாதி வேற்றுமையை உறுதியாக, உடனடியாக, அடியோடு கைவிட வேண்டும் என்றார். அதன்பின் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் நேரில் வந்து பேசினார். அந்த 'உடனடி'க்கு இப்போது 190 வருசத்துக்கு மேல் வயசு.

சர்க்கார் காத்திருப்பு தனிக் கதை. 1950 ஆகஸ்டில் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியாகக் கருத முடியாது என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பவுத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது. நமக்குத் திறக்கவில்லை. 2004இல் உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குப் போனது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியையே நீக்கச் சொன்னது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள், அதற்கும் காலநீட்டிப்புக் கொடுத்தார்கள். வெட்டுப்பட்டாலும் 1989ஆம் வருச வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நமக்குக் கைகொடுக்காது. கோயிலில் பறையன், சர்க்கார் ஏட்டில் பறையன் இல்லை. காத்திருப்பதைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

1963இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். இனவெறிக் கும்பலுக்கு அல்ல. நேரம் சரியில்லை, பொறுங்கள் என்று அறிவுரை சொன்ன எட்டு வெள்ளை மதகுருமார்களுக்கு. 'பொறு' என்ற சொல் எப்போதுமே நல்லவர்கள் வாயிலிருந்துதான் வருகிறது.

இதை எழுதும்போது எனக்குக் குறுகுறுக்கிறது. ஏனென்றால் நானும் அந்த நல்லவர்களில் ஒருத்தனாக இருந்திருக்கிறேன். பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் மாமா செத்துப்போனார். எங்க ஊர்க் கல்லறையில் சுவர் கிடையாது, கள்ளிவேலிதான். வேலிக்கு அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நாங்க. பிணமும் கோயில் தெரு வழியாகப் போகக் கூடாது, வாய்க்கால் வரப்பில் தூக்கிப் போகணும். அன்றைக்கு மழைத்தண்ணி, வாய்க்கால் நிறையப் போய்க்கொண்டிருந்தது. பையன்கள் கோயில் தெரு வழியாகத்தான் தூக்குவோம் என்று நின்றார்கள். அறிவொளி இயக்கத்தில் ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்தியவன், நாலு எழுத்துப் படித்தவன், நான்தான் தடுத்தேன். "இப்ப வேணாம்டா. மேலிடத்துக்கு மனுப் போட்டிருக்கோம். எழவு வீட்டுல கலாட்டா வேணாம். அப்புறம் பாத்துக்கலாம்." பையன்கள் கேட்டுக்கொண்டார்கள். இடுப்பளவுத் தண்ணியில் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போனோம். அத்தை கரையில் நின்று பார்த்துச்சு. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை.

பிரசங்கியாரைக் குறைசொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அவர் பரலோகத்தைக் காட்டிப் பொறு என்றார். நான் மனுவைக் காட்டிப் பொறு என்றேன்.

தோழர்கள் சிலர் கேட்பார்கள்: இவ்வளவு சொல்கிறாயே, அந்த நம்பிக்கையையே விட்டுத் தொலைத்தால் என்ன? நியாயமான கேள்விதான். மதம் மாறியவர்களின் நிலை பற்றி எழுதும்போது அம்பேத்கர் இந்த இடத்தில்தான் கை வைத்தார். உன் துன்பத்துக்குக் காரணம் நீ வாழ்கிற சமூகம் அல்ல, உன் பாவம் என்று போதிக்கப்பட்டவன் எப்படிப் போராடுவான் என்பதுதான் அவருடைய கேள்வியின் சாரம். வருகைக்கு நாள் குறித்து மோசம்போனவர்களும் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் கூட்டத்தார் 1844 அக்டோபர் 22 என்று எண்ணி, சிலர் வயலை அறுக்காமலே போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். இங்கே திருவிதாங்கூரில், தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரான வித்வான் குட்டி என்கிற ஜஸ்டஸ் ஜோசப், 1881இல் வருகை என்று அறிவித்தார். அந்த வருசமும் கடந்துபோனது.

ஆனால் அத்தையிடமிருந்து அந்த நம்பிக்கையைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. பிடுங்கினால் வேதனைப்படும் என்கிற பரிதாபத்தினால் இல்லை. 'இது இப்படியே இருக்கப்போவதில்லை, கேட்கிறதுக்கு ஒருத்தர் வருவார்' என்ற எண்ணம் மட்டும் இல்லையென்றால், அத்தை அந்தக் கேள்வியைக் கேட்டே இருக்காது. ஆண்டையே நிரந்தரம் என்று நம்புகிறவன் எதையும் கேட்கமாட்டான். தப்பு நம்பிக்கையில் இல்லை, அதில் பாதியை மறைத்துவிட்டு மீதியைப் பிரசங்கிப்பதில் இருக்கிறது.

பிரசங்கியார் அன்றைக்கு யாக்கோபு எழுதியதை எடுத்துத்தான் பேசினார். ஐந்தாம் அதிகாரம், ஏழாம் வசனம். விவசாயி மழைக்குக் காத்திருக்கிற மாதிரி ஆண்டவர் வருகிறவரைக்கும் பொறுமையாக இருங்கள் என்கிற இடம். வீட்டுக்கு வந்து அந்த அதிகாரத்தை முதலிலிருந்து அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அதே பக்கத்தில், மூன்று வசனத்துக்கு முன்னால், வயலை அறுத்த ஆளுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூச்சல் போடுகிறது, அந்தக் கூச்சல் ஆண்டவர் காதுக்கு எட்டிவிட்டது என்று யாக்கோபு பணக்காரர்களைப் பார்த்துச் சொல்கிறார். அதற்குப் பிறகுதான் பொறுமையைப் பற்றிப் பேசுகிறார். கூலிக்காரன் பக்கம் நின்று பேசுகிறவருக்குத்தான் பொறுமை என்று சொல்ல வாய் உண்டு. கூலியைப் பற்றி மூச்சு விடாமல் பொறுமையை மட்டும் உருவி எடுத்தால் அது யாக்கோபு சொன்னது ஆகாது, ஆண்டை சொன்னது ஆகிவிடும்.

அத்தை கேட்டுவிட்டு, "இத ஏன் அவரு படிக்கல?" என்றது.

பத்துக் கன்னியர் கதையையும் படித்தேன். விளக்குக்கு எண்ணெய் வைத்திருந்த ஐந்து பேர் இல்லாத ஐந்து பேருக்குக் கொடுக்க மறுக்கிற இடம் வந்ததும் அத்தை முகம் சுளித்தது. "அஞ்சு வெளக்குப் போதாதா பத்துப் பேரு நடக்க?" விழிப்பாக இரு என்பதற்குச் சொன்ன கதை என்று விளக்கினேன். சரி என்று தலையாட்டியது, ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. மதுரை இறையியல் கல்லூரியில் பரட்டை என்று எல்லாரும் அழைத்த தியோபிலஸ் அப்பாவு, சாதியில்லாத சமூகத்துக்கு 'ஒரு உலை' என்று பேர் வைத்தார். எல்லாருக்கும் ஒரே உலை, ஒரே சோறு. அத்தைக்கு அவரைத் தெரியாது. ஆனால் வாழ்நாளெல்லாம் அடுத்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டு உலை வைத்த பொம்பளைக்கு அதற்கு இறையியல் தேவைப்படவில்லை.

மழைக்குக் காத்திருக்கிற விவசாயி என்று யாக்கோபு சொல்வதைப் பச்சைமலைக்காரன் எப்படிப் புரிந்துகொள்வான்? மேலே வண்ணாடு, தென்புறநாடு பக்கம் மலையாளி மக்கள் சாமை, தினை, மரவள்ளி போடுகிற கொல்லைகள் பெரும்பாலும் மானாவாரி. அறிவொளி நாட்களில் நான் மேலே போயிருந்தபோது, காய்ந்த கொல்லையில் ஒரு பெரியவர் புழுதியிலேயே விதைத்துக்கொண்டிருந்தார். வானத்தில் மேகமே இல்லை. "மழை வரலைன்னா என்னாங்கய்யா பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "வெதைக்காம குந்தியிருந்தா வந்துருமா தம்பி? மழை வர்ற அன்னிக்கு வெதையத் தேடிக்கிட்டு ஓட முடியாதுல்ல" என்றார். புழுதி விதைப்பு என்பது அதுதான். மழை வரும் என்று நம்புகிறவன்தான் அதைச் செய்ய முடியும்.

கிறிஸ்துவின் வருகைக்கு ஒருத்தன் காத்திருக்கிறான் என்றால் அவன் வேலை இப்படித்தான் இருக்க முடியும். அவர் வந்து சுவரை இடிப்பார் என்று விட்டுவைப்பது காத்திருப்பு அல்ல, அவருக்கு வேலை வைப்பது. பிடித்துவைத்த கூலியை இன்றைக்கே கொடுப்பது, சப்பரத்தை எல்லாத் தெருவுக்கும் இழுப்பது, பிணத்துக்கு ஒரே வழி, ஒரே மண் என்று ஆக்குவது. அவர் வந்தால் வெட்கமில்லாமல் காட்டக்கூடிய தெரு ஒன்றாவது நம்மிடம் இருக்க வேண்டும். அவர் நம் காலத்தில் வராமல் போனாலும் அந்தத் தெருவில் நம் பிள்ளைகள் நடப்பார்கள். இதில் நம்பிக்கை உள்ளவனும் இல்லாதவனும் ஒன்றாக நின்று வேலை செய்ய என்ன தடை?

வருகிற நவம்பர் 2 கல்லறைத் திருநாள். எங்க ஊர்ப் பையன்கள் (அன்றைக்கு வாய்க்காலில் பெட்டி தூக்கியவர்களும், இப்போது படிக்கிற பிள்ளைகளும்) மெழுகுவத்தியோடு கோயில் தெரு வழியாக நடந்துபோய்க் கள்ளிவேலியை வெட்டுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். பிரச்சினை வரும். போலீஸ் வரும். என்னிடம் யோசனை கேட்டு வந்தார்கள். பழக்கதோஷத்தில் 'பொறுங்க' என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

அத்தை திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. "நானும் வர்றேன். மெதுவா நடங்கடா" என்றது.

பொறுங்க என்று நான் சொல்லவில்லை. அரிவாள் யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டேன்.