தூங்க மறுக்கும் குழந்தையும் உமர் (ரலி) அவர்களின் கண்ணீரும்



திருவண்ணாமலையில் மஃரிபு தொழுகை முடிந்து முஸல்லிகள் வெளியே வரும் நேரத்தில், பள்ளிவாசல் வாசற்படியருகே தாய்மார்கள் குழந்தைகளோடு காத்து நிற்பதுண்டு. நம் வீட்டுப் பெண்கள் மட்டுமல்ல, நெற்றியில் விபூதி துலங்கும் தாய்மாரும் நிற்பார்கள். "ராத்திரியானா ஒரே அழுகை ஹஜ்ரத், படுக்க வச்சாலே கத்துது, கொஞ்சம் ஓதி ஊதுங்க" என்பதே பலருடைய முறையீடு.

ஓதி ஊதுவதற்கு ஆதாரம் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் அருமைப் பேரர்களான ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்காகவும், ஷைத்தானை விட்டும் விஷ ஜந்துக்களை விட்டும் கண்ணூறை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி ஓதியிருக்கிறார்கள். இப்ராஹீம் (அலை) அவர்களும் தம் மக்களுக்கு இவ்வாறே ஓதினார்கள் என்றும் அருளினார்கள். புகாரி ஷரீஃபில் இது பதிவாகியுள்ளது. ஆனால் ஓதி வாங்கிய தண்ணீரோடு வீடு திரும்பும் நாம், குழந்தை ஏன் அழுகிறது என்ற கேள்வியைப் பள்ளிவாசல் படியிலேயே விட்டுவிட்டுப் போகிறோமே, அதுதான் சரியல்ல.

அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்களுடைய காலத்தில் ஒரு வியாபாரக் கூட்டம் மதீனாவுக்கு வந்து தங்கியது. அன்றிரவு உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் அவர்களுக்குக் காவலிருந்தார்கள். ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டது. உமர் (ரலி) அவர்கள் எழுந்து சென்று, "அல்லாஹ்வை அஞ்சிக்கொள், பிள்ளையை நன்றாகக் கவனி" என்று தாயிடம் சொல்லித் திரும்பினார்கள். மீண்டும் அழுகை, மீண்டும் போய்ச் சொன்னார்கள். இரவின் கடைசியிலும் அழுகை ஓயாதது கண்டு, "நீ என்ன தாய்! இரவு முழுதும் இந்தப் பிள்ளை உறங்கவில்லையே!" என்று கடிந்துகொண்டார்கள். பேசுபவர் கலீஃபா என்று அப்பெண்ணுக்குத் தெரியாது. "பால்குடி மறக்கடிக்கப் பார்க்கிறேன், மாட்டேனென்கிறது. பால் மறந்த பிள்ளைக்குத்தான் உமர் உதவித் தொகை கொடுக்கிறார்" என்றார்.

அன்று ஃபஜ்ரில் உமர் (ரலி) அவர்கள் ஓதியது மக்களுக்கு விளங்கவில்லை. அழுகை குரலை அடைத்துவிட்டது. தம் உத்தரவால் எத்தனை பிள்ளைகள் மாண்டனவோ என்று நொந்தார்கள். அவசரப்பட்டுப் பால் மறக்கடிக்க வேண்டாம், பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் பைத்துல்மாலிலிருந்து தொகை உண்டு என்று பறைசாற்றச் செய்து, எல்லாப் பகுதிகளுக்கும் எழுதியனுப்பினார்கள். தபகாத் இப்னு ஸஅதில் காணப்படும் சம்பவம் இது.

தாயை அதட்டியவரே, அழுகையின் காரணம் தம்முடைய சட்டத்தில் இருந்ததைக் கண்டார். நம் வீடுகளில் நடப்பதையும் எண்ணிப் பாருங்கள். "பிள்ளையை அடக்கத் தெரியாதா?" என்று அடுத்த அறையிலிருந்து அதட்டுகிற கணவர், இரவு பத்தரை மணிக்குக் கடையடைத்து வந்து, கண் சொருகிய குழந்தையைத் தூக்கிக் குலுக்கி விளையாடிவிட்டுப் படுக்கிறார். அது மறுபடி உறங்க நள்ளிரவாகிறது. பழி மட்டும் தாயின் தலையில்!

ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு, பகல் தூக்கமும் சேர்த்து, ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம் உறக்கம் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு அறிவித்தது. மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம். நேரம் கடந்து விழித்திருக்கும் குழந்தை களைத்துத் தூங்கிவிடும் என்று நினைக்கிறோம். மாறாக அது சிணுங்கும், புரளும், அடம்பிடிக்கும். இன்னொரு காரணம் பிரிவு. ஒரு வயதையொட்டிய பிள்ளைக்கு அம்மா கண்ணில் படாவிட்டால் அச்சம் வந்துவிடுகிறது. படுக்கை என்றாலே பிரிவு என்று அழுகிறது. அது பிடிவாதமல்ல. படுத்தால் காதுவலி கூடும் பிள்ளையும் உண்டு. கீரிப்பூச்சியால் இரவில் ஆசனவாயில் அரிப்பெடுத்து அழும் பிள்ளையும் உண்டு. இவற்றுக்குக் குழந்தை வைத்தியரிடம்தான் போகவேண்டும். மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பதும் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளைதானே!

நம்மவர்களை அதிகம் கலங்கடிப்பது வேறொன்று. உறங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் குழந்தை வீறிட்டெழும். கண் திறந்திருக்கும், தாயைத் தெரியாது, கைகால் உதறிக் கதறும். சில நிமிடங்களில் தானே அடங்கி உறங்கிவிடும். காலையில் அதற்கு ஒன்றும் நினைவிராது. உடனே "ஜின் தொட்டுவிட்டது" என்று வீடே அலறுகிறது. சிறு பிராயத்தில் பல குழந்தைகளுக்கு நேர்ந்து, வளர வளர நின்றுபோகும் விஷயம் இது. அசதியிலும் காய்ச்சலிலும் கூடும். உலுக்கி எழுப்பாமல், அடிபடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால் போதும். அடிக்கடி வந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

உறக்கத்தில் திடுக்கிடுவோர் ஓதும் துஆவை நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் விவரமறிந்த தம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததாகவும், அறியாச் சிறுவர்களுக்கு எழுதித் தொங்கவிட்டதாகவும் அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. இதை வைத்துத் தாயத்து கூடும் என்ற உலமாக்களும் உண்டு, கூடாதென்றவர்களும் உண்டு. அந்த விவாதத்துக்குள் இப்போது போகவேண்டாம். அந்த ஸஹாபி தம் பிள்ளைக்குத் தாமே செய்தார் என்பதைக் கவனியுங்கள். ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு தகட்டில் கட்டம் கீறித் தருபவருக்கு இந்த ஹதீஸில் என்ன வேலை?

ஜின்னைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். "தூங்கலேன்னா ஜின் வந்து தூக்கிட்டுப் போயிடும்" என்று பயமுறுத்திவிட்டு, அதே பிள்ளைக்குப் பயம் தெளிய ஆயத்துல் குர்ஸீ ஓதும் பாட்டிமாரும் நம்மிடையே இருக்கிறார்கள்!

பயமுறுத்தல் போதாதென்று மருந்தும் வந்துவிட்டது. சளி மருந்து கொடுத்தால் பிள்ளை அயர்ந்து தூங்குகிறது என்று, சளியே இல்லாதபோதும் ஒரு மூடி ஊற்றுகிறார்கள். குளோர்பெனிரமைனும் பினைலெஃப்ரினும் கலந்த மருந்தை நான்கு வயதுக்குட்பட்டோருக்குத் தரக்கூடாதென்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. 2025இல், நம் பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு இருந்தது. அதைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி மாண்டார்கள். அவர்களுக்காவது இருமலுக்கென்று கொடுத்தார்கள். தூக்கத்துக்காகக் கொடுப்பவர் அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்வார்?

பிறகு என்னதான் செய்வது என்பீர்கள். இருள் சூழும்போது பிள்ளைகளை வெளியே விடாதீர்கள், பிஸ்மில்லாஹ் சொல்லிக் கதவடையுங்கள், உறங்கும்போது விளக்கை அணையுங்கள் என்பது நபிமொழி. இஷாவுக்கு முன் உறங்குவதையும் அதன்பின் வீண்பேச்சுப் பேசுவதையும் அவர்கள் வெறுத்தார்கள். ஆனால் இஷா தாமதமான ஓரிரவு, பெண்களும் குழந்தைகளும் உறங்கிவிட்டார்கள் என்று உமர் (ரலி) அவர்கள் குரல் கொடுத்த செய்தியும் புகாரியில் உண்டு. சின்னஞ்சிறுசுகள் அப்போதே உறங்கின என்பது தெரிகிறதல்லவா? மஃரிபுக்குப் பின் உணவு, முகம் கைகால் கழுவுதல், விளக்கைத் தணித்தல், தாய் மெல்லிய குரலில் மூன்று குல் சூராக்களை ஓதித் தடவிவிடுதல் என்று தினமும் ஒரே வரிசையில் நடந்தால், சில வாரங்களில் அந்த ஓதலே குழந்தைக்குத் தூக்கத்தின் அறிகுறியாகிவிடும். செல்போன் வெளிச்சம் அந்த அறைக்குள் வேண்டாம்.

அழுதால் அருகில் போங்கள். தொழுகையை நீட்ட நினைத்து நின்ற நபிகள் பெருமானார் (ஸல்) அவர்கள், பின்னால் ஒரு குழந்தை அழுவதைக் கேட்டு, தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கினார்கள். குழந்தையை வெளியே கொண்டுபோ என்று சொல்லவில்லை.

நம் ஊரில் ஒரு சங்கடம் உண்டு. பௌர்ணமி இரவுகளில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுதும் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். தீபத்தன்று கேட்கவே வேண்டாம். கடை வைத்திருப்போர் விடியும் வரை திறந்திருப்பார்கள். அது ஹலாலான பிழைப்பு, விடச் சொல்லவில்லை. அந்த இரவுகளில் பாட்டியோ சித்தியோ தாய்க்குத் துணையாகப் படுக்கட்டும். தெருப்பக்கத்து அறையை விட்டு உள்ளறையில் பிள்ளையைக் கிடத்துங்கள். நள்ளிரவு தாண்டி வீடு திரும்பும் அத்தாமார் கதவைத் தட்டி ஊரைக் கூட்டவேண்டாம். நபி (ஸல்) அவர்கள் இரவில் வந்தால் உறங்குபவர் விழிக்காமலும் விழித்திருப்பவர் கேட்கும்படியும் ஸலாம் சொல்வார்கள் என்று மிக்தாத் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அந்த அளவுக்குக் குரலைத் தணித்துக்கொண்டு உள்ளே வாருங்கள்.