தொண்டும் கடனும்

நோயுற்றார்க்கு உதவுதல் அறம் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயின் அவ்வுதவியைச் செய்வோரைத் தாங்குதல் யார் கடன்? இவ்வினாவை நாம் எழுப்புவது அரிது. மருத்துவமனைச் செவிலியரின் நிலை இதனை எழுப்பச் செய்கிறது.

2015ஆம் ஆண்டில் தேர்வெழுதித் தமிழக அரசுப் பணியில் சேர்ந்த செவிலியர் பல்லாயிரவர், மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் பணியாற்றினர். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராடிய பின்னரே அது 14,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2020இல் பெருந்தொற்று வந்தது. மார்ச் 22 அன்று நாடே கைதட்டியது. மே 3 அன்று மருத்துவமனைகள்மீது வானிலிருந்து மலர் தூவப்பட்டது. அத்தொற்றுக் காலத்தில் ஒப்பந்த முறையில் தமிழகத்தில் அமர்த்தப்பெற்றவருள் 2,000க்கும் மேற்பட்டோரின் பணி, 2022 டிசம்பர் 31உடன் முடிவுற்றது. மாற்றுப்பணி தருவதாக அரசு பின்னர் அறிவித்தது. எனினும், தம்மைத் தாங்குவார் உளர் என்னும் நம்பிக்கை அவர்கள் உள்ளத்தில் எங்ஙனம் நிலைக்கும்?

"தொண்டுக்குக் கணக்குப் பார்க்கலாமா?" என்பார் சிலர். தொண்டு செய்பவர் கணக்குப் பாராதிருத்தல் அவர்தம் பெருமை. தொண்டைப் பெறுபவர் கணக்குப் பாராதிருத்தல் பெருமையன்று; கடனை மறத்தலாகும். ஒருவரது பொறுமை அவருக்கு அறம்; அதனைப் பயன்கொள்ள மற்றவருக்கு உரிமையில்லை.

தாங்குதல் என்பது ஊதியம் மட்டுமன்று. பொது மருத்துவமனைப் பிரிவில் ஐந்து நோயாளர்க்கு ஒரு செவிலியர் வேண்டும் என்பது இந்திய செவிலியர் குழுமத்தின் அளவுகோல். முப்பது படுக்கைகளை ஒருவரே நோக்கும் இரவில் பிழை நேருமாயின், பிழை அவருடையது மட்டுமா? நோயாளியின் உறவினர் சினந்து பேசும்போது நிர்வாகம் எவர் பக்கம் நிற்கிறது? தம் குழந்தை நோயுற்ற நாளில் அவருக்கு விடுப்புக் கிடைக்கிறதா? ஆண்டுக்கொரு முறை மே 12 அன்று, செவிலியர் நாளில், வழங்கும் பாராட்டிதழைக் கொண்டன்று, இத்தகைய வேளைகளைக் கொண்டே செவிலியர் தம் நிர்வாகத்தை மதிப்பிடுகின்றனர்.

நம் இல்லத்துப் பெண்களும் இப்பணியில் இருக்கலாம். நம்முள் மருத்துவமனை நடத்துவோரும் இருக்கலாம். நோயாளராக அங்குச் செல்லாதவர் எவருமிலர். ஆதலின் இது நம் ஒவ்வொருவருக்கும் உரிய வினாவே. நன்றி கூறுதல் நோயாளியின் கடன்; தாங்குதல் பணியில் அமர்த்தியவரின் கடன். முன்னதைச் செலுத்திப் பின்னதைத் தீர்த்துவிட முடியாது.