கறைபட்ட தாள்

தோல்வியே வெற்றிக்கு முதற்படி என்பது வகுப்பறைதோறும் கேட்கும் மொழி. தோல்வி தானாகவே பாடம் கற்பிக்கும் என்னும் நம்பிக்கை அதனுள் மறைந்திருக்கிறது. அந்நம்பிக்கை சரிதானா? ஒளிப்படக் கலையின் பிறப்பு வரலாறு இவ்வினாவுக்கு ஒரு விடை தருகிறது.

1802-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், தாமஸ் வெட்ஜ்வுட் செய்த சோதனைகளை ஹம்ப்ரி டேவி கட்டுரையாக வெளியிட்டார். வெள்ளி நைட்ரேட் பூசிய தாளிலும் வெண்தோலிலும் இலை, பூச்சியின் சிறகு முதலியவற்றின் நிழலுருவை வெயில் வரைந்து தந்தது. ஆயினும் அதனை நிலைநிறுத்தும் வழி அகப்படவில்லை. பகலொளியில் விரித்தால் தாள் முழுதும் கறுத்துவிடும். மெழுகுத்திரி வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவே. இக்குறையை டேவி மறைக்காமல் எழுதினார். வெற்றியை மட்டுமே பறைசாற்றும் உலகில் இது சிறு செயலன்று.

1834-இல் ஹென்றி பாக்ஸ் டால்பட், தாளில் உப்புக் கரைசலையும் வெள்ளி நைட்ரேட்டையும் பூசிச் சோதித்தார். இரண்டும் சேர்ந்தால் ஒளியில் கறுக்கும் வெள்ளி குளோரைடு உண்டாகும். தாள்களோ ஒரு சீராகக் கறுக்கவில்லை. ஓரங்கள் விரைந்து கறுத்தன. நடுப்பகுதி மந்தமாக இருந்தது. படம் என்று நோக்கினால் அது கெட்ட தாள். கசக்கி எறிந்திருந்தாலும் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார். ஓரத்தில் உப்புக் குறைவாகப் படிந்திருக்க வேண்டும் என்று டால்பட் உய்த்துணர்ந்தார். உப்பைக் குறைத்துப் பூசினார். தாள் ஒளிக்கு விரைந்து இணங்கிற்று. உப்பு மிகுந்தால் மந்தமாகும் என்பதும் அதனாலேயே விளங்கிற்று. எனவே செறிந்த உப்புநீரில் நனைத்துப் படத்தை ஓரளவு நிலைநிறுத்தவும் அவருக்கு இயன்றது. (இதனினும் உறுதியான வழி, ஜான் ஹெர்ஷல் 1819-இல் ஆராய்ந்த ஹைப்போ 1839-இல் படங்களுக்குப் பயன்பட்ட பின்னரே வந்தது.)

இன்றும் உப்புத்தாள் படங்களைக் கையால் ஆக்குவோர் உளர். தாளில் கறை விழுந்தால் மனத்தில் முதலில் எழுவது அறியும் ஆர்வம் அன்று, நாணம். நாணம் பழி தேடும். தாள் மட்டம், வெயில் போதாது, மருந்து பழையது என்று ஏதேனும் ஒன்றன்மேல் பழியைச் சுமத்தியதும் மனம் ஆறிவிடுகிறது, ஆராய்ச்சியும் நின்றுவிடுகிறது. தன்னையே இகழ்ந்துகொள்பவன் இவனினும் உயர்ந்தவனல்லன். ‘எனக்குக் கைவராது’ என்று சொல்பவனும் தாளைப் பார்ப்பதில்லை, தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பூச்சின் அளவையும் வெயிலில் வைத்த நேரத்தையும் குறித்து வைத்தவனுக்கே கறையின் காரணம் பிடிபடும். அடுத்த தாளில் அவன் ஒன்றை மட்டுமே மாற்றுவான்.

திருத்திய விடைத்தாளைப் பெறும் மாணவனும் மதிப்பெண்ணைக் கண்டவுடன் தாளை மடித்துவிடுகிறான். பிழைகளை மட்டும் சுட்டிய தாளை முதலில் கொடுத்து, மதிப்பெண்ணை மறுநாள் அறிவித்தால் என்ன நிகழும் என்பதை ஆசிரியர்கள் ஒரு வகுப்பிலேனும் செய்து பார்க்கலாம்.