காலி இருக்கையும் கண்ணப்பரும்

கீழ் கோத்தகிரிக்காரர் சென்னைக்குப் போவதென்றால் மதியத்துக்குமேல் பஸ் ஏறிவிடுவார். கோத்தகிரி வந்து, அங்கிருந்து வளைவு வளைவாக மலையிறங்கினால், மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் நிற்கும். கையில் ஸ்லீப்பர் டிக்கெட். சார்ட் தயாரானதும் என்றைக்காவது ஒருநாள் செல்போனில் செய்தி வரும்: பெர்த் மூன்றாம் ஏசிக்கு மாறியிருக்கிறது. கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம்.

எனக்கு ஏன் கிடைத்தது என்று கேட்டால் அதற்குக் காரணம் எதுவும் இல்லை. 2006-இல் ரயில்வே கொண்டுவந்த ஏற்பாடு இது. மேல்வகுப்பில் பெர்த் காலியாகக் கிடந்தால், கீழ்வகுப்பில் முழுக்கட்டணம் கட்டியவர்களிலிருந்து கணினி குலுக்கல்போல ஆளை எடுக்கிறது. அவர் விட்டுப்போன பெர்த், காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் இன்னொருவருக்குப் போகிறது. நூறுமுறை போய்வந்தவரும் முதல்முறை ரயிலேறுபவரும் அந்தக் கணினிக்கு ஒன்றுதான். சலுகைக் கட்டணத்தில் போகிறவர்களை மட்டும் அது சேர்த்துக்கொள்வதில்லை. இந்த நல்ல ஏற்பாட்டில் உறுத்துகிற ஒரே இடம் அது.

ஆகாயத்தில் கணக்கு வேறு. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் ‘அட்வாண்டேஜ்’ திட்டத்தைத் தொடங்கியது. பறக்கப் பறக்க மைல் சேரும். சேர்ந்த மைலுக்கு இலவச டிக்கெட்டும் முதல் வகுப்பு இருக்கையும் கிடைக்கும். உலகமெங்கும் மற்ற நிறுவனங்களும் அதே வழியில் வந்தன. 2015-இல் டெல்டாவும் யுனைடெடும் பறந்த தூரத்தை விட்டுவிட்டு, டிக்கெட்டுக்குச் செலவழித்த பணத்தைப் பார்த்து மைல் கொடுக்கத் தொடங்கின. ‘விசுவாசத் திட்டம்’ என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

அடிக்கடி பறப்பவருக்கு முதல் வகுப்பை இலவசமாகத் தரலாமா என்பது வணிகக் கேள்வியாகத் தோன்றலாம். அதன் அடியில் கிடப்பதோ கோயிலிலும் தேவாலயத்திலும் வெகுகாலமாகப் பேசப்பட்டுவருவது: நெடுநாள் தொண்டு செய்தவருக்கு அருளின்மேல் உரிமை உண்டா?

மத்தேயு சுவிசேஷத்தின் 20-ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்டக் கதையை, தேயிலைத் தோட்டத்தில் கூலிக்குப் போகிற எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. காலையிலேயே வந்து வெயிலில் உழைத்தவர்களுக்கும், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தவர்களுக்கும் தோட்டக்காரர் ஒரே கூலி கொடுக்கிறார். காலையில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். நியாயமான முணுமுணுப்புதான், இலை பறிக்கிற எந்தப் பெண்ணும் அவர்கள் பக்கம்தான் பேசுவார். ஆனால் தோட்டக்காரர் அவர்களிடம் பேசிய கூலியில் கை வைக்கவில்லை. பேசியதைக் கொடுத்தார், தன் விருப்பத்தில் கொடுத்தது வேறு.

விமானத்திலும் இந்த இரண்டும் வேறு வேறுதான். இத்தனை மைலுக்கு இந்த இருக்கை என்று முன்பே சொல்லியிருந்தால் அது இலவசம் அல்ல, கடன். கொடுத்தே ஆக வேண்டும். இடையில் விதியை மாற்றி மைலின் மதிப்பைக் குறைப்பது பேசிய கூலியைப் பிடித்துக்கொள்வதற்குச் சமம். தமிழ்நாட்டு அரசு விரைவுப் பேருந்துகளில் இணையவழி முன்பதிவு செய்து மாதத்தில் 5 முறைக்குமேல் போகிறவர்களுக்கு ஆறாவது பயணத்திலிருந்து பாதிக் கட்டணம் என்று 2023-இல் அறிவித்தார்கள். அதில் ஒளிவுமறைவு இல்லை, யாருக்கும் மனக்கசப்பும் இல்லை.

அந்த மைலுக்கு யார் பணம் கட்டியது என்பதையும் பார்க்க வேண்டும். 2002-இல் ஜெர்மனியில், அரசுப் பயணத்தில் சேர்ந்த மைல்களைச் சொந்தப் பயணத்துக்குச் செலவழித்தார் என்ற விவகாரத்தில் கிரிகோர் கீஸி பெர்லின் மாநில அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். அலுவல் பயணத்தில் சேரும் மைல்களை அலுவல் பயணத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்பது இந்திய அரசு ஊழியர்களுக்கும் விதி. ஆண்டு முழுக்கக் கம்பெனிச் செலவில் பறந்துவிட்டு முன்வரிசையில் உட்காருகிறவர் காட்டிய விசுவாசம் யாருடையது?

வாக்குக் கொடுக்காத இருக்கைதான் உண்மையில் சிக்கலானது. கதவு மூடும் நேரத்தில் முன்னால் ஓர் இடம் காலி, யாரையாவது அழைக்கலாம். இங்கே பெரியபுராணம் பாடிய சேக்கிழார் துணைக்கு வருகிறார். காளத்தி மலையில் சிவகோசரியார் ஆகம முறை வழுவாமல் நாள்தோறும் பூசை செய்துவந்தவர். திண்ணன் என்ற வேடன் வந்து ஆறே நாள். இறைவன் கண்ணில் குருதி வடியக் கண்டு தன் கண்ணைப் பெயர்த்து அப்பினான், கண்ணப்பர் ஆனார். அறுபத்து மூவரில் அவர் இருக்கிறார், சிவகோசரியார் இல்லை. அதற்காகச் சிவகோசரியாரை இறைவன் தள்ளிவிடவும் இல்லை. கனவில் வந்து, மறைந்திருந்து பார் என்று சொல்லி, அந்த அன்பைக் காணும் பேற்றை அவருக்குத்தான் கொடுத்தார். வரிசையில் முதலில் நிற்பவருக்கு முதல் பரிசு என்ற கணக்கைப் பெரியபுராணம் ஏற்கவே இல்லை.

முன்வரிசை என்பது பின்வரிசைக்காரர்களின் மனதையும் தொடுகிறது. கேத்தரின் டிசெல்லஸ், மைக்கேல் நார்ட்டன் இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, முதல் வகுப்பு உள்ள விமானங்களில் சாதாரண வகுப்பில் தகராறு ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்றது. எல்லோரும் முதல் வகுப்பைக் கடந்தே உள்ளே போக வேண்டியிருந்தால் அது மேலும் இரண்டு மடங்கானது. அடிக்கடி பறப்பவருக்கான அட்டை வைத்திருப்பவரை எல்லோர் எதிரிலும் பெயர் சொல்லி முன்னுக்கு அழைப்பது, மற்றவர்களுக்கும் ஒன்றைச் சொல்லித்தான் தீர்கிறது. அந்த இடத்தைக் காலில் கட்டுப் போட்டவருக்கோ கைக்குழந்தையோடு இருப்பவருக்கோ கொடுக்கலாம். அப்படி யாரும் இல்லையென்றால் ரயில்வேபோலக் குலுக்கிப் போடலாம். அதைப் பார்த்து எந்த வரிசைக்காரரும் முகம் சுளிக்க மாட்டார்.

சாயங்காலம் கோத்தகிரியிலிருந்து கீழ் கோத்தகிரிக்குத் திரும்பும் அரசு பஸ்ஸில் தோட்ட வேலை முடிந்த பெண்கள் ஏறுவார்கள். மலைப்பகுதிக்கும் கட்டணமில்லாப் பயணம் வந்த 2024-க்குப் பிறகு கூட்டம் கூடுதல்தான். கைக்குழந்தையோடு ஒருத்தி ஏறினால் கண்டக்டர் முன்சீட்டைப் பார்த்து, “அண்ணா, கொஞ்சம் எந்திரிங்க” என்பார். இருபது வருஷமாக அதே தடத்தில் போய்வருகிற ஒருவராகக்கூட அந்த அண்ணன் இருக்கலாம். எழுந்து, கம்பியைப் பிடித்து, அடுத்த வளைவுக்குக் காலை அகட்டி ஊன்றிக்கொள்வார்.