ஆண்டு தெரிந்த கோயிலுக்கு மகிமை குறைவா?

கேள்வி: பல தலங்களுக்கு யுகக் கணக்கில் தலபுராணம் இருக்கிறது. எங்கள் குமரி மாவட்டத்துப் பார்த்திவபுரம் விஷ்ணு கோயிலையோ, இன்ன ஆண்டில் இன்ன மன்னர் கட்டினார் என்கிறார்கள். இப்படித் தெரிந்துவிட்டால் தெய்விகம் குறைந்துவிடாதா?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: குறையாது; கூடும் என்பதே என் கட்சி. முன்சிறைக்கு அருகிலுள்ள அந்த ஊர் உருவான விதத்தை ஒரு செப்பேடு சொல்கிறது. கலியுகம் தொடங்கி 14,49,087 நாள் சென்றபோது, அதாவது கி.பி. 866-இல், ஆய் மன்னர் கருநந்தடக்கன் அங்கே திருமாலுக்குக் கோயில் எடுத்து, பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டார். கோயில் எழுந்த மண் முன்சிறைச் சபையாருடையது. ஆளும் மன்னர் அதைக் கேட்காமலே எடுத்துக்கொண்டிருக்கலாம். அவரோ மாற்று நிலம் கொடுத்துப் பெற்றார். கூடவே, அக்காலக் கல்விக்கூடமான காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு, 95 சாத்தர்கள், அதாவது வேத மாணவர்கள், தங்கிப் படிக்க ஒரு சாலையும் அமைத்தார். இழிவாகப் பேசினால் தண்டம், ஆயுதத்தோடு கூட்டத்துக்கு வரக் கூடாது என்றெல்லாம் அவர்களுக்கு விதி வகுத்தார். தெய்வம் ஏன் அங்கே எழுந்தருளியது என்பதைப் புராணம் சொல்லும். அந்தத் தெய்வத்தை முன்னிட்டு மனிதர் எவ்வளவு நேர்மையாக நடக்க முயன்றார்கள் என்பதைச் செப்பேடுதான் சொல்லும். பக்திக்கு இரண்டாவது செய்தியும் வேண்டும்.

அரசன் எழுதிவைத்தது தற்புகழ்ச்சிதானே என்று கேட்கலாம். மன்னர் புகழ் பாடும் மெய்க்கீர்த்திக்கு அது பொருந்தும். நிலமும் விதியும் பேசும் ஆவணமோ எழுதியவரையே கட்டுப்படுத்துவது. வெறும் புகழுக்காக எவரும் தம் கையைக் கட்டிக்கொள்வதில்லை. அந்தச் சாலை வேதம் ஓதுவோருக்கு மட்டும்தானே என்பது இன்னும் கனமான ஆட்சேபம். உண்மை, 95 இடங்களும் வேதப் பிரிவுவாரியாகவே பங்கிடப்பட்டன. அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. சாலை மட்டுமல்ல, உங்கள் பகுதி அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் கோயில் கதவுகளும் எல்லா இந்துக்களுக்கும் திறக்க 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்தக் குறையை நமக்குக் காட்டித்தருவதும் அதே செப்பேடுதான். நிறைவையும் குறையையும் ஒருங்கே காட்டும் சான்று, அந்தத் தலத்தின் மீதுள்ள நம்பிக்கையை வளர்க்குமே தவிரக் கெடுக்காது.

ஆகவே, ஆண்டு தெரிந்ததற்காக வருந்த வேண்டாம். உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி நடந்தால், கல்வெட்டுகளின் மேல் சிமெண்ட் பூசவும் மணல்வீச்சால் எழுத்தைத் தேய்க்கவும் விடாதீர்கள். அதுவும் இறைபணியே.