பக்தி குறைஞ்சிடுச்சா, உடம்புக்கு முடியலையா?

இன்னைக்கு ஒரு கேள்வி.

தைப்பூசத்துல அலகு குத்தி, மெய்மறந்து காவடி ஆடுறவரைப் பார்த்து யாராவது "மனநோயா?"ன்னு கேட்டா நமக்குக் கோபம் வரும். ஆனா கிருத்திகை தவறாம கோயிலுக்கு வந்த நண்பன் திடீர்னு வர்றதை நிறுத்திட்டா, "பக்தி குறைஞ்சிடுச்சு"ன்னு நாமே தீர்ப்பு சொல்லிடறோம். இந்த ரெண்டு தீர்ப்புமே அவசரத்துல சொல்றது.

மனநோயைப் புரிஞ்சுக்க உளவியல்ல நாலு கேள்வி கேட்பாங்க. நடத்தை வழக்கத்துக்கு மாறா இருக்கா? அவருக்கு அது வேதனை தருதா? அன்றாட வேலை முடங்குதா? அவருக்கோ மத்தவங்களுக்கோ ஆபத்து இருக்கா? மாறா இருக்கு என்பது மட்டும் நோய் ஆகாது. காவடி எடுத்தவர் அலகைக் கழற்றிட்டு மறுநாள் வேலைக்குப் போயிடறார். இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும், ஊரோட மத நம்பிக்கைக்கு ஒத்துப்போகலைன்னு மட்டும் ஒருத்தரை மனநோயாளி என்று முடிவு செய்யக் கூடாது என்கிறது.

இப்போ அந்த நண்பனைப் பாருங்க. குறைந்தது 2 வாரம், அநேகமா தினமும், மனசு சோர்ந்தே கிடக்குது, அல்லது பிடிச்ச எதுலயும் நாட்டமில்லை. கூடவே தூக்கம், பசி, கவனம் எல்லாம் கெடுது. மருத்துவர்கள் மனச்சோர்வு நோயை இப்படித்தான் அடையாளம் காண்றாங்க. பரம்பரை, மூளையின் இயக்கம், வாழ்க்கையில் பட்ட அடி எல்லாம் சேர்ந்து வர்ற நோய் இது. கோயிலுக்குப் போகத் தோணாததும் அந்த நாட்டமின்மையில ஒரு பகுதியா இருக்கலாம்.

இன்னொரு அறிகுறி, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்கிற குற்ற உணர்வு. அவன்கிட்ட போய் "உனக்கு பக்தி பத்தலை"ன்னு சொன்னா, நோய் ஏற்கெனவே உள்ளே சொல்லிட்டிருக்கிறதை நாமும் வெளியே இருந்து சொல்றோம். நல்ல எண்ணத்துல சொன்னாலும் அடி அடிதான்.

அப்போ என்ன செய்யலாம்? அவனுக்காக வேண்டிக்குங்க, கூடவே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. சாகறதைப் பத்திப் பேசினா ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீங்க, தனியா விடாதீங்க. அரசின் டெலிமானஸ் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு. சர்க்கரைக்கு மாத்திரை போடுறவரோட பக்தியை நாம சந்தேகப்படறதில்லையே, மனசுக்குப் போடுறவரை மட்டும் ஏன் சந்தேகப்படணும்?

வேலும் மயிலும் துணை.