எடைக்குப் போகாதது

காஞ்சிபுரத்தில் நைந்த பட்டுப்புடவைக்கும் விலை உண்டு. ஜரிகையில் உள்ள வெள்ளிக்காக வாங்கிக்கொள்வார்கள். எரித்து உருக்கினால் வெள்ளி வந்துவிடும். உடலையும் கரையையும் கோர்வை போட்டு இணைத்த வேலை சாம்பலோடு போய்விடும். விற்பவரைக் குறை சொல்ல மாட்டேன். பணமுடை வந்த வீட்டில் யார் கோர்வையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

செத்துப்போன பட்டன் போனும் காயலான் கடையில் இப்படித்தான் எடைக்குப் போகிறது. ஆனால் போன் செத்தாலும் அதிலுள்ள அதிர்வு மோட்டார் பெரும்பாலும் சாவதில்லை. அதன் தண்டில் ஒருபக்கம் மட்டும் கனத்த சிறு உலோகத் துண்டு இருக்கும், சுழன்றால் நடுங்கும். பழைய டூத்பிரஷின் தலையை வெட்டி, முதுகில் இந்த மோட்டாரையும் ஒரு பொத்தான் பேட்டரியையும் ஒட்டி, ஒயரை இணைத்தால் ஒரு ரோபோ தயார். நார்களைப் பின்னோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு நடுக்கத்துக்கும் முன்னே வழுக்கும். பின்னே நகராமல் நார்நுனி தரையைப் பிடித்துக்கொள்ளும். மூளையே இல்லை, ஆனாலும் ஓடுகிறது!

கழித்துப் போட்டதில் ரோபோ செய்வது புதிதல்ல. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மூளை ஆய்வாளர் கிரே வால்டர் 1948, 49 வாக்கில் செய்த எல்மர், எல்சி என்ற இயந்திர ஆமைகளும் போரில் மிஞ்சிய உதிரிகளாலும் பழைய கடிகாரப் பாகங்களாலும் ஆனவைதான். அவை வெளிச்சத்தைத் தேடிப் போயின, முட்டினால் விலகின.

பழைய போன் என்றால் நம் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கூடுதல் உரிமை உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பரில் நிற்கும்வரை கோடிக்கணக்கில் போன்களைச் செய்தது.

போனின் அதிர்வு மோட்டாரைச் செம்பாக நிறுத்தால் ஒன்றும் தேறாது. மோட்டாராகவே வைத்துக்கொண்டால் அது வேலை செய்யும். மனிதர்களையும் நாம் செம்பாகத்தான் நிறுக்கிறோமோ என்று எனக்கு உறுத்துகிறது. தறியை விட்டு ஆலைக் காவலுக்குப் போனவர்கள் இந்த ஊரில் உண்டு. பழைய பாவின் இழையோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாக முறுக்கி இணைத்த விரல்கள், இன்று கேட்டில் வண்டி எண் எழுதுகின்றன. மாதாமாதம் சம்பளம் வருகிறது, தறி அதைத் தரவில்லை. போனவர் கணக்கு சரிதான். அவருக்கு என்ன தெரியும் என்று கேட்காமலே வாசலில் நிறுத்திய நம் கணக்குத்தான் தப்பு.

அடுத்த போனை எடைக்குப் போடுமுன் பிள்ளைகளோடு உட்கார்ந்து திறந்து பாருங்கள். மோட்டார் ஒயர் மிக மெலிது. தெருவில் நெசவாளர் இருந்தால் இணைத்துத் தரக் கூப்பிடுங்கள். உப்பிய பேட்டரியை மட்டும் குத்தாதீர்கள், தீப்பிடிக்கும். மின்கழிவு சேகரிப்பவரிடம் அப்படியே கொடுத்துவிடுங்கள்.